டோனர் விந்தணு: ஆலோசனை அறையில் கேட்கப்படும் கேள்விகள்

"ஏதாவது விசேஷம் உண்டா?" என்று கல்யாணமான மூன்றாம் மாதமே நம் ஊரில் கேட்கத் தொடங்கிவிடுகிறார்கள். பதில் தெரிந்தும் சொல்ல முடியாமல் தவிப்பவர்களோடுதான் என் வேலை. கருத்தரிப்பு மையம் ஒன்றில் ஆலோசகராக இருக்கிறேன். "டோனர் வைத்துத்தான் பார்க்க வேண்டும்", அதாவது வேறோர் ஆண் தானமாகத் தரும் விந்தணுவைக் கொண்டுதான் கருத்தரிக்க வேண்டும் என்று மருத்துவர் சொன்னதும் என் அறைக்கு வந்து உட்காருகிறவர்கள் கேட்டவை இங்கே இருக்கின்றன. பல கேள்விகள் மருத்துவரிடம் கேட்கக் கூச்சப்பட்டு என்னிடம் கேட்கப்பட்டவை. சட்டம் பற்றிச் சொல்வதெல்லாம் இந்தியாவுக்குரியது. உதவி இனப்பெருக்கத் தொழில்நுட்ப ஒழுங்குமுறைச் சட்டம் 2021இல் நிறைவேறி, 2022 ஜனவரி 25 முதல் நடைமுறையில் இருக்கிறது. எல்லோரும் சொல்வதுபோல ஏ.ஆர்.டி. சட்டம் என்றே எழுதுகிறேன்.

விந்துப் பரிசோதனை ரிப்போர்ட்டில் "நில்" (அணு இல்லை) என்று வந்திருக்கிறது. அப்படியென்றால் நேராக டோனர்தானா?

இல்லை. இந்த ஒரு பதிலுக்காக மட்டுமே இந்தப் பக்கத்தை எழுதியிருந்தாலும் தகும்.

விந்துவில் அணுவே தென்படாத நிலைக்கு ஏஸூஸ்பெர்மியா என்று பெயர். நூறு ஆண்களில் ஏறத்தாழ ஒருவருக்கு இது இருக்கிறது. ஒரே ஒரு பரிசோதனையை வைத்து இதை முடிவு செய்யக் கூடாது. ஒவ்வொரு முறையும் இரண்டு முதல் ஏழு நாள் விந்து வெளியேற்றாமல் இருந்து, குறைந்தது இரண்டு முறை மாதிரி கொடுக்க வேண்டும். மாதிரியை மையவிலக்குக் கருவியில் சுழற்றி, அடியில் படிவதையும் நுண்ணோக்கியில் தேடியிருக்க வேண்டும். விந்தணு உருவாகி முதிர இரண்டரை மாதம்போல ஆகும். அதனால் டைபாய்டு, டெங்கு மாதிரிக் கடும் காய்ச்சல் வந்து போயிருந்தால் மூன்று மாதம் கழித்து மறுபடி பாருங்கள்.

உண்மையிலேயே இல்லை என்று தெரிந்தபின், ஏன் இல்லை என்று கேட்க வேண்டும். விரைக்குள் அணு உற்பத்தி ஆகியும் வரும் வழி அடைபட்டிருக்கலாம். அப்போது ஊசி வழியே விரையிலிருந்தோ அதன் மேலுள்ள குழாயிலிருந்தோ அணுவை எடுத்து, இக்ஸி முறையில் ஒரு கருமுட்டைக்குள் ஒரே ஓர் அணுவைச் செலுத்திக் கருவாக்கலாம். 1992இல் பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸில் முதல் இக்ஸி குழந்தைகள் பிறந்தன. அதற்கு முன் டோனர் ஒன்றே வழி என்றிருந்த எத்தனையோ ஆண்கள் அதன்பின் தங்கள் அணுவாலேயே தகப்பன் ஆகியிருக்கிறார்கள்.

உற்பத்தியே இல்லாத நிலை இன்னொன்று. அதிலும் பல வகை உண்டு. மூளையிலிருந்து வர வேண்டிய ஹார்மோன் வராததால் உற்பத்தி நின்றிருந்தால் ஊசிகளால் பல மாதத்தில் திரும்பக் கொண்டுவரலாம். ஜிம்மில் உடம்பு ஏற்றுவதற்காக டெஸ்டோஸ்டிரோன் போட்டுக்கொண்டவர்களுக்கு, அதை நிறுத்தினால் பெரும்பாலும் திரும்புகிறது. மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களே இதைச் சொல்லிவிடுங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்களில் சிலருக்கு, அணு உற்பத்தி ஆகியும், விந்து வெளியே வராமல் பின்னோக்கிச் சிறுநீர்ப்பைக்குள் போய்விடும். அதற்குச் சிறுநீரைப் பார்த்தாலே போதும். சிறு வயதில் விரை கீழிறங்காதவர்கள், பொன்னுக்கு வீங்கி விரைக்குப் பரவியவர்கள், புற்றுநோய்க்குக் கீமோ எடுத்தவர்கள் என்று வேறு காரணங்களும் உண்டு. இவர்களிலும் நுண்ணோக்கி வைத்து விரைத்திசுவைத் தேடும் மைக்ரோ டீசே அறுவையில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அணு கிடைக்கிறது.

அந்த அறுவைக்கு முன் குரோமோசோம் பரிசோதனை செய்ய வேண்டும். ஒய் குரோமோசோமில் ஏ, பி என்னும் பகுதிகள் முழுதாக விடுபட்டிருந்தால் அணு கிடைக்க வாய்ப்பு அனேகமாக இல்லை. அறுவை வீண். சி பகுதி மட்டும் விடுபட்டவர்களுக்குக் கிடைக்கலாம், ஆனால் பிறக்கும் மகனுக்கும் அதே குறை போகும்.

இவ்வளவையும் பார்த்து, சிறுநீரக மற்றும் ஆண்மைக் குறைவு மருத்துவர் ஒருவரும் பரிசோதித்தபின் "டோனர்தான்" என்றால் அது நியாயம். ஒரே ரிப்போர்ட்டைப் பார்த்து முதல் நாளே டோனர் என்றால் இன்னொரு இடத்தில் கேளுங்கள்.

அணு இருக்கிறது, ஆனாலும் டோனர் என்கிறார்களே?

மூன்று சந்தர்ப்பங்களில் அப்படிச் சொல்லலாம். தகப்பன் வழியாகக் கடும் மரபுநோய் இறங்கும் ஆபத்து இருக்கலாம். பலமுறை இக்ஸி செய்தும் அணுவின் குறையால் கரு வளராமல் போயிருக்கலாம். அல்லது இக்ஸிக்குச் செலவழிக்க முடியாமல் தம்பதியே கேட்கலாம். இந்தக் கடைசிக் காரணம்தான் எனக்கு வலிக்கும். பணம் இல்லாததால் ஒருவர் தன் அணுவை விட்டுக்கொடுக்கக் கூடாது. அரசு மருத்துவமனையில் என்ன கிடைக்கும் என்று முதலில் விசாரியுங்கள்.

எண்ணிக்கை கொஞ்சம் குறைந்திருப்பது டோனருக்குக் காரணமே இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட கையேட்டில் ஒரு மில்லிலிட்டருக்கு 1 கோடியே 60 லட்சம் என்பது கீழ் எல்லை. அதற்குக் கீழே இருந்தும் தானாகவே குழந்தை பெற்றவர்கள் உண்டு.

டாக்டர் சொன்ன நாளிலிருந்து என் கணவர் சரியாகப் பேசுவதில்லை. "உனக்கு வேணும்னா பண்ணிக்கோ" என்கிறார். இதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது, அம்மா. அந்தச் சொல்லில் "எனக்கு இனி இதில் என்ன இருக்கிறது" என்கிற வலிதான் இருக்கிறது.

நம் ஊரில் குழந்தை இல்லாத பெண்ணுக்கு ஒரு வசைச்சொல் இருக்கிறது. அதன் கொடுமையை எல்லோரும் அறிவோம். ஆணுக்கு வேறு மாதிரி. அவருக்கு அழ இடம் கிடையாது. குறை தன்னிடம் என்று தெரிந்த அன்றைக்கே பைக்கை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட வேண்டும். "ஆம்பளை" என்ற சொல்லோடு அணுவின் எண்ணிக்கையைச் சேர்த்துக் கட்டிவிட்டோம். இரண்டுக்கும் சம்பந்தமில்லை, தாம்பத்யத்தில் எந்தக் குறையும் இல்லாத ஆணுக்கும் அணு இல்லாமல் இருக்கலாம் என்று ஒவ்வொரு முறையும் நான் சொல்ல வேண்டியிருக்கிறது.

தன் முகம் கொண்ட ஒரு பிள்ளையை அவர் மனதில் வைத்திருப்பார். அந்தப் பிள்ளை இனி வரப்போவதில்லை. அதற்கு அவர் துக்கம் காக்க வேண்டும். மூன்று மாதமாவது பொறுத்திருக்கச் சொல்வது என் வழக்கம். உங்களுக்கு வயது முப்பத்தெட்டு, முட்டை இருப்பு குறைவு என்றால் அவ்வளவு காத்திருக்க முடியாது. அப்போதும் இரண்டு மூன்று முறை அவரோடு தனியாகப் பேசிய பிறகே அடுத்த படிக்குப் போகச் சொல்வேன்.

சட்டமும் இருவர் கையெழுத்தையும் கேட்கிறது. கரு அல்லது விந்தணு கருப்பைக்குள் வைக்கப்படும் நிமிடம் வரை சம்மதத்தைத் திரும்பப் பெறலாம். போன மாதம் சரி என்றவர் இன்று வேண்டாம் என்றால் அதற்கும் உரிமை உண்டு. முன்பணம் கட்டியாயிற்று என்று யாரும் கட்டாயப்படுத்த முடியாது.

என் மனைவிக்குத் தெரியாமல் டோனர் வைத்துவிட முடியுமா? என் அணு என்றே நினைக்கட்டும்.

முடியாது, சார். அவர் உடம்பில் யாருடைய அணு போகிறது என்பது அவருக்குத் தெரிந்தாக வேண்டும். தெரியாமல் செய்வது குற்றம், அதைவிடப் பெரிய துரோகம். மனைவியின் மரியாதை போய்விடுமோ என்ற பயத்தில்தான் இதைக் கேட்கிறீர்கள் என்று புரிகிறது. அந்தப் பயத்தை என் அறையில், அவர் பக்கத்தில் இருக்கும்போதே சொல்லிப் பாருங்கள். நான் பார்த்த மனைவிகளில் அநேகம் பேர் அந்த நேரத்தில் கணவர் கையைத்தான் பிடித்துக்கொண்டார்கள்.

டோனர் யார் என்று எங்களுக்குத் தெரியுமா? என் தம்பியே கொடுக்கலாம் என்கிறான்.

தெரியாது. விந்தணு தானம் பதிவுபெற்ற ஏ.ஆர்.டி. வங்கி வழியாகத்தான் வர வேண்டும். டோனரின் பெயர், ஆதார் எண், முகவரி வங்கியின் ஆவணத்தில் இருக்கும். உங்களுக்குக் கொடுக்க மாட்டார்கள், உங்களைப் பற்றி அவருக்கும் சொல்ல மாட்டார்கள்.

தம்பி கொடுப்பது "நம்ம ரத்தம்" என்று ஆறுதலாகத் தெரிகிறது. ஆனால் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2005ஆம் ஆண்டு நெறிமுறைகளே உறவினரும் நண்பரும் கூடாது என்றன. தம்பிக்கு நாளை கல்யாணம் ஆகும், சொத்துப் பிரிவினை வரும், பொங்கலுக்கு எல்லோரும் ஒரே வீட்டில் கூடுவீர்கள். அன்றைக்குக் குழந்தை சித்தப்பா மடியில் ஏறி உட்காரும்போது உங்கள் மனம் என்ன பாடுபடும் என்று நினைத்துப் பாருங்கள்.

பேஸ்புக்கிலும் டெலிகிராமிலும் "நான் தருகிறேன்" என்று வருபவர்களிடம் போகவே வேண்டாம். பரிசோதனை இல்லை, ஆவணம் இல்லை, சட்டப் பாதுகாப்பு இல்லை. சிலர் "இயற்கை முறையில்தான்" என்று நிபந்தனை வைப்பார்கள். அது என்னவென்று உங்களுக்கே தெரியும்.

நோய் எதுவும் வந்துவிடாதா?

டோனர் 21 முதல் 55 வயதுக்குள் இருக்க வேண்டும். எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, சி, சிபிலிஸ் ஆகியவற்றுக்குப் பரிசோதிக்கிறார்கள். கொடுத்த விந்துவை உடனே பயன்படுத்துவதில்லை. மைனஸ் 196 டிகிரியில் திரவ நைட்ரஜனுக்குள் உறையவைத்து, ஆறு மாதம் கழித்து டோனரின் ரத்தத்தை மறுபடி சோதித்து, சரியாக இருந்தால்தான் வெளியே எடுப்பது நல்ல வங்கிகளின் முறை. எச்.ஐ.வி. தொற்று உடம்புக்குள் வந்த முதல் வாரங்களில் பரிசோதனையில் தெரியாமல் போகலாம். அந்த ஓட்டையை அடைக்கத்தான் இந்தக் காத்திருப்பு. தலசீமியா என்னும் பரம்பரை ரத்தநோய்க்கும் பார்த்திருக்கிறார்களா என்று கேளுங்கள். மனைவியின் ரத்தப் பிரிவு ஆர்.எச். நெகட்டிவ் என்றால் நெகட்டிவ் டோனர் கிடைப்பாரா என்று கேட்கலாம். கிடைக்காவிட்டாலும், தாய்க்கும் குழந்தைக்கும் ரத்தப் பிரிவு ஒத்துப்போகாததால் வரும் சிக்கலைத் தடுக்க ஆன்டி டி ஊசி இருக்கிறது, பயமில்லை.

எங்க ஆளுங்க டோனர் கிடைப்பாரா?

இந்தக் கேள்வி தணிந்த குரலில்தான் வரும், ஆனால் வாரம் ஒருமுறையாவது வரும். நேராகவே சொல்கிறேன்: விந்தணுவை எந்த நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தாலும் சாதி தெரியாது. உயரம், நிறம், கண், தலைமுடி, ரத்தப் பிரிவு ஆகியவை கணவரோடு ஒத்துப்போகும்படி பார்க்கிறார்கள். ஊரார் "யார் ஜாடை?" என்று கேட்பார்கள் என்ற பயத்துக்கு அது போதும். அதற்கு மேல் கேட்பதை மையம் நிறைவேற்றித் தருவதாகச் சொன்னால், வேறு எதையெல்லாம் காசுக்காகச் சொல்கிறார்கள் என்று யோசியுங்கள்.

ஜாடை பற்றி இன்னொன்று. பிள்ளைகள் சிரிப்பையும் நடையையும் கை கட்டி நிற்கும் விதத்தையும் கூடவே இருப்பவரிடமிருந்து எடுத்துக்கொள்கிறார்கள். "அப்படியே அப்பனை உரிச்சு வச்சிருக்கு" என்று ஊர் சொல்லும். தகப்பன் அதைக் கேட்டு என்னிடம் போனில் அழுதிருக்கிறார்.

சிகிச்சை எப்படி நடக்கும்? வலிக்குமா?

பெண்ணுக்குக் கருக்குழாய் திறந்திருந்தால் பெரும்பாலும் ஐ.யு.ஐ.யில், அதாவது அணுவை நேராகக் கருப்பைக்குள் வைக்கும் முறையில் தொடங்குவார்கள். அதற்கு முன் குழாய்ப் பரிசோதனை செய்திருக்க வேண்டும். குழாய் அடைத்திருக்க, டோனர் அணுவை ஐந்து முறை வைத்துப் பணத்தையும் மாதங்களையும் இழந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மாதவிலக்கின் இரண்டாம் மூன்றாம் நாளில் மாத்திரையோ ஊசியோ தொடங்கும். ஸ்கேனில் முட்டைப்பை 18 மில்லிமீட்டர்போல வளர்ந்ததும் முட்டை வெடிக்க ஓர் ஊசி. அதிலிருந்து ஏறக்குறைய 36 மணி நேரத்தில் அணு வைப்பார்கள். உறைந்த அணு உருகியபின் புதிய அணுவைப்போல நாள்கணக்கில் உயிரோடு இருக்காது, அதனால் நேரம் தவறக் கூடாது. மெல்லிய குழாயைக் கருப்பைக்குள் விட்டுச் செலுத்துவது ஐந்து நிமிட வேலை. சிலருக்கு லேசாக வயிறு பிசையும். சிறிது நேரம் படுத்திருந்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். மாடிப்படி ஏறக் கூடாது, பப்பாளி தின்றதால் தங்கவில்லை என்பதெல்லாம் தேவையில்லாத குற்ற உணர்வு. இரண்டு வாரம் கழித்து ரத்தப் பரிசோதனை.

முப்பத்தைந்து வயதுக்குள் ஒரு முறைக்கு நூற்றுக்குப் பத்திலிருந்து இருபது பேருக்குத் தங்கலாம். வயது கூடக் கூடக் குறையும். இது பெண்ணின் முட்டையைப் பொறுத்தது. டோனர் அணு நல்லது என்பதால் முதல் முறையே நின்றுவிடும் என்று நினைத்து உடைந்துபோகாதீர்கள். மூன்று முதல் ஆறு முறை பார்த்துவிட்டு, உடம்புக்கு வெளியே கருவாக்கும் ஐ.வி.எஃப். பற்றிப் பேசுவது வழக்கம்.

கணவர் அணுவையும் டோனர் அணுவையும் கலந்து வைப்பார்களாமே?

ஒரு காலத்தில் அப்படிச் செய்ததுண்டு. "ஒருவேளை உங்களுடையதாகவும் இருக்கலாம்" என்று கணவருக்கு ஆறுதல் சொல்வதற்காக. ஏ.ஆர்.டி. சட்டம் இரண்டு ஆண்களின் விந்துவைக் கலக்கவே கூடாது என்கிறது. அந்தத் தடை எனக்குச் சரியென்றே படுகிறது. சந்தேகத்தின் மேல் கட்டிய ஆறுதல், குழந்தை வளர வளரத் தகப்பனைத் தின்னும். ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் அவர் அந்த முகத்தில் தன்னைத் தேடிக்கொண்டிருப்பார்.

சட்டப்படி அப்பா யார்? நாளைக்கு டோனர் வந்து உரிமை கேட்டால்?

நீங்கள்தான் அப்பா. ஏ.ஆர்.டி. சிகிச்சையில் பிறந்த குழந்தை அந்தத் தம்பதியின் உயிரியல் குழந்தையாகவே கருதப்படும் என்று சட்டம் அந்தச் சொல்லாலேயே சொல்கிறது. பிறப்புச் சான்றிதழில் உங்கள் பெயர், சொத்தில் முழு வாரிசுரிமை. டோனர் எல்லா உரிமைகளையும் விட்டுக்கொடுத்துக் கையெழுத்திடுகிறார். அவரிடம் நீங்களும் எதையும் கேட்க முடியாது. பின்னால் விவாகரத்து ஆனாலும் "இது என் ரத்தம் இல்லை" என்று சொல்லிப் பொறுப்பிலிருந்து விலக முடியாது. அந்தக் கையெழுத்து போடும்போது இதை நினைவில் வையுங்கள்.

எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. நான் செய்துகொள்ள முடியுமா?

முடியும். 21 வயதுக்கு மேல், 50 வயதுக்குள் இருக்கும் பெண், திருமணமாகாதவரோ விதவையோ விவாகரத்தானவரோ, சிகிச்சை பெறலாம். சில மையங்கள் தயங்குகின்றன. அது அவர்கள் மனத்தடை, சட்டம் தடுக்கவில்லை. ஒரே பாலினத் தம்பதியாகவோ சேர்ந்து வாழும் ஜோடியாகவோ விண்ணப்பிக்க இன்றைய சட்டம் இடம் தரவில்லை. திருமணமான தம்பதி என்றே அது வரையறுக்கிறது. இது மாற வேண்டும் என்று நினைக்கிறேன்.

"அப்பா பேர் என்ன?" என்ற கட்டம் எல்லா விண்ணப்பத்திலும் காத்திருக்கும். அதற்கு நீதிமன்றங்கள் வழிகாட்டியிருக்கின்றன. திருமணமாகாத தாய், தந்தையின் பெயரை வெளியிடாமலே சட்டப்படி காப்பாளர் ஆகலாம் என்று 2015இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2018இல் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, டோனர் அணுவால் தாயான திருச்சிப் பெண் ஒருவரின் குழந்தைக்குப் பிறப்புச் சான்றிதழில் தந்தை இடத்தை வெற்றாக விடச் சொன்னது. 2021இல் கேரள உயர்நீதிமன்றம், இப்படிப்பட்ட தாய்மாருக்குத் தந்தை பெயர் கேட்காத தனிப் படிவமே வேண்டும் என்றது. இந்தத் தீர்ப்புகளின் நகலைக் கோப்பில் வைத்திருந்தால் அலுவலகக் கவுண்டரில் குரல் நடுங்காமல் பேசலாம்.

இரண்டாவது குழந்தைக்கும் அதே டோனர் கிடைப்பாரா?

முதலிலேயே கேட்டு வைத்தால் கிடைக்கலாம். ஒரு டோனரின் அணுவை ஒரே தம்பதிக்குத்தான் வங்கி கொடுக்கலாம் என்பது இப்போதைய விதி. ஆகவே மீதிக் குப்பிகளை உங்கள் பெயரில் வைத்திருக்கக் கேளுங்கள். சட்டம் பத்தாண்டு வரை சேமிக்க அனுமதிக்கிறது. வருடாந்தரக் கட்டணம் உண்டு.

இந்த விதியால் டோனர் தட்டுப்பாடும் செலவும் கூடியிருக்கின்றன என்று வங்கிகள் குறைப்பட்டுக்கொள்வதிலும் நியாயம் இருக்கிறது. பிரிட்டனில் ஒரு டோனருக்குப் பத்துக் குடும்பங்கள் வரை எல்லை. எல்லையை மீறினால் என்ன ஆகும் என்பதை நெதர்லாந்தில் பார்த்தார்கள். 550க்கும் மேற்பட்ட குழந்தைகளுக்குக் காரணமான ஒருவர் இனிமேல் தானம் செய்யக் கூடாது என்று 2023 ஏப்ரலில் ஹேக் நகர நீதிமன்றம் தடை விதித்தது. ஒன்றுக்கும் பத்துக்கும் நடுவே ஓர் எண் நமக்குச் சரியாக இருக்கும் என்பது என் எண்ணம்.

மாமியாருக்குச் சொல்ல வேண்டுமா?

கட்டாயமில்லை. ஆனால் குறை மருமகளிடம் என்று வீடு நினைத்துக்கொண்டிருந்தால், அந்தப் பழியை மட்டும் கணவர் துடைத்துவிட வேண்டும். "ரெண்டு பேருக்கும் சேர்ந்துதான் ட்ரீட்மென்ட், அம்மா" என்ற ஒரு வரி போதும். யாரிடம் சொல்வதாக இருந்தாலும் ஒன்றைக் கவனியுங்கள்: குழந்தைக்குத் தெரிவதற்கு முன் ஊருக்குத் தெரியக் கூடாது.

குழந்தையிடம் சொல்வதா? எதற்காகச் சொல்ல வேண்டும்?

நூறு பேரில் தொண்ணூறு பேர் "சொல்லவே மாட்டோம்" என்றுதான் என் அறைக்குள் வருகிறார்கள். பத்தாண்டு முன்பு நானும் அவர்கள் பக்கம்தான் இருந்தேன். நம் சமூகத்தில் சொல்லி என்ன ஆகப்போகிறது, பிள்ளையை ஊர் வாயில் போட வேண்டுமா என்று நினைத்தேன். இப்போது சொல்லுங்கள் என்கிறேன்.

இருபத்தைந்து வயதில் அந்தப் பிள்ளை மருத்துவரிடம் போகும். "அப்பாவுக்கு சுகர் இருக்கா? குடும்பத்தில் யாருக்காவது சின்ன வயசில் ஹார்ட் அட்டாக்?" என்று கேட்பார்கள். பிள்ளை நம்பிக்கையோடு பொய்யான பதிலைச் சொல்லும். அதன் வைத்தியம் அந்தப் பொய்யின்மேல் நடக்கும்.

ரகசியமும் இனி நிற்காது. எச்சிலைக் குப்பியில் துப்பி அனுப்பினால் உறவினர் பட்டியலையே தரும் டி.என்.ஏ. பரிசோதனைகள் வந்துவிட்டன. வெளிநாட்டில் எத்தனையோ பேர் நாற்பது வயதில் அப்படித்தான் தெரிந்துகொண்டார்கள். டோனர் அணுவால் பிறந்தோம் என்பதைவிட, இத்தனை வருடம் மறைத்துவிட்டார்களே என்பதே அவர்களில் பலரை உடைத்தது. 1985லேயே ஸ்வீடன், வளர்ந்த பிள்ளைக்கு டோனரை அறியும் உரிமை கொடுத்தது. பிரிட்டன் 2005 ஏப்ரலுக்குப் பின் தானம் செய்தவர்களுக்கு அதை விதியாக்கியது. நம் நாட்டில் தானம் இன்னும் பெயர் மறைத்தே நடக்கிறது.

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் சூசன் கோலம்போக் குழுவினர், தானமாகப் பெற்ற விந்தணு, கருமுட்டை, வாடகைத்தாய் முறைகளில் பிறந்த பிள்ளைகளைக் கைக்குழந்தையிலிருந்து இருபது வயது வரை தொடர்ந்து கவனித்து 2023இல் முடிவுகளை வெளியிட்டார்கள். அவர்களின் மனநலம் மற்ற பிள்ளைகளைப்போலவே இருந்தது. ஏழு வயதுக்குள் உண்மையைக் கேட்டு வளர்ந்தவர்களின் குடும்பங்களில் உறவு இன்னும் நன்றாக இருந்தது.

எப்படிச் சொல்வது? மூன்று நான்கு வயதில், சோறு ஊட்டும்போது, கதையாக. "நீ எங்களுக்கு வேணும்னு ரொம்ப நாள் காத்திருந்தோம். அப்பாகிட்ட விதை இல்லை. முகம் தெரியாத ஒரு நல்ல மாமா கொடுத்தார். டாக்டர் அதை அம்மா வயித்துல வச்சாங்க. நீ வந்தே." அந்த வயதுக்கு இவ்வளவு போதும். பிள்ளை அடுத்த வாய்க்கு வாயைத் திறக்கும், அவ்வளவுதான். வளர வளர அதுவே கேட்கும், நீங்கள் கூடக் கொஞ்சம் சொல்வீர்கள். சண்டையில், விவாகரத்தில், சாவு வீட்டில் தெரியவருவதுதான் மோசம்.

மகாபாரதத்திலேயே இது இருக்கிறதே என்கிறார் என் அப்பா. நம் மரபுதானா இது?

வியாசரால் திருதராஷ்டிரனும் பாண்டுவும் பிறந்த கதையைச் சொல்கிறார். வெட்கப்படும் மகனைத் தேற்ற ஒரு தகப்பன் இதைச் சொன்னால் நான் குறுக்கே வரமாட்டேன். ஆனால் அந்தக் கதையில் அம்பிகை பயத்தில் கண்ணை மூடிக்கொண்டாள், அம்பாலிகை வெளிறிப்போனாள். அவர்களின் மனம் அதற்கு இசைந்ததா என்று யாரும் பார்க்கவில்லை. இன்றைய சிகிச்சையில் அது முதலில் கேட்கப்படுகிறது. கத்தோலிக்கத் திருச்சபையும் சுன்னி முஸ்லிம் அறிஞர்களில் பெரும்பாலோரும் டோனர் அணுவை ஏற்பதில்லை. உங்களுக்கு அது முக்கியமென்றால் உங்கள் பெரியவர்களிடம் பேசிவிட்டு வாருங்கள், பிறகு குற்ற உணர்வு வேண்டாம்.

ஆண் குழந்தை வேண்டும் என்று கேட்கலாமா?

கூடாது. ஆணா பெண்ணா என்று தேர்ந்து தருவதாக விளம்பரம் செய்யும் மையத்துக்கே ஐந்திலிருந்து பத்தாண்டு சிறையோ, 10 முதல் 25 லட்ச ரூபாய் அபராதமோ, இரண்டுமோ என்று ஏ.ஆர்.டி. சட்டம் சொல்கிறது.

நல்ல மையம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஏ.ஆர்.டி. பதிவுச் சான்றிதழ் சுவரில் மாட்டியிருக்க வேண்டும். அணு எந்த வங்கியிலிருந்து வருகிறது, அதன் பதிவு எண் என்ன என்று எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். சம்மதப் படிவத்தை வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படிக்க விடுகிறார்களா, தமிழில் இருக்கிறதா என்று பாருங்கள். அணு வைக்கும் நாளில் குப்பியின் மேலுள்ள குறியீட்டை உங்கள் கோப்போடு ஒத்துப்பார்த்துக் காட்டச் சொல்லுங்கள், கூச்சமே வேண்டாம். அணுக் குப்பி, அணுவைக் கழுவிச் சுத்தப்படுத்துதல், ஸ்கேன், ஊசி என்று தனித்தனியாகக் கட்டணம் கேளுங்கள். ஆலோசகரே இல்லாத மையத்தில் டோனர் சிகிச்சை எடுக்காதீர்கள்.

எல்லாம் கேட்டபின் "எங்களுக்கு இது வேண்டாம்" என்று தோன்றினால்?

அதுவும் நல்ல முடிவுதான். அப்படிச் சொல்லி எழுந்துபோன தம்பதிகளை வாசல் வரை வந்து அனுப்பியிருக்கிறேன். தத்தெடுக்க விரும்பினால், கல்யாணமாகி இரண்டு ஆண்டு நிறைந்திருந்தால், காரா என்னும் மத்திய தத்தெடுப்பு ஆணையத்தின் இணையதளத்தில் நேரடியாகப் பதியலாம், இடைத்தரகர் வேண்டாம். வரிசை ஆண்டுக்கணக்கில் நீளும். அதனால் சிகிச்சையை நிறுத்தலாமா என்று யோசிக்கும்போதே பதிந்து வையுங்கள். குழந்தை இல்லாமலே இருவராக வாழ்வது என்று முடிவெடுத்து, மறுவருடம் கேக் வாங்கிக்கொண்டு என்னைப் பார்க்க வந்தவர்களும் உண்டு. அன்று அந்தக் கணவர்தான் அதிகம் பேசினார்.